அறுபத்தைந்து பவுண்டு

காற்றைக் காலையில் பார்க்க வேண்டும் சார், வண்டி ஓடுவதற்கு முன்னால். ஓடிச் சூடான டயரில் மீட்டர் வைத்தால் நாலைந்து பவுண்டு கூட்டிக் காட்டும். சரியாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிடுவார்கள். ஆறிய பிறகு பார்த்தால் குறைவாக நிற்கும். முப்பத்து நான்கு வருஷமாக உதியன்குளங்கரையில் டயர் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லுவேன். தலையாட்டிவிட்டுப் போய், அடுத்த தடவையும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத்தான் வந்து நிற்பார்கள்.

பின்னால் டிரெய்லர் இழுக்கிற வண்டி என்றால் இன்னும் கவனம் வேண்டும். டிரெய்லரின் மூக்கு பிக்கப்பின் பின்புறத்தில்தான் உட்காரும். அந்தப் பாரம் அப்படியே பின் டயருக்கு வரும். சும்மா ஓடும்போது நாற்பது பவுண்டு போதும் என்கிற டயருக்கு, படகு ஏற்றிய டிரெய்லரை மாட்டினால் அறுபத்தைந்து வைக்க வேண்டும். டிரெய்லர் டயர்களுக்கும் அதே அறுபத்தைந்து. குறைவாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் டயரின் பக்கம் அமுங்கி நிமிரும். அதில் சூடு ஏறும். மார்ச் மாத வெயிலில், பைபாஸின் கான்கிரீட் ரோட்டில், அந்தச் சூடு இறங்குவதற்கு இடமே கிடையாது.

தொழில் பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. பைபாஸில் நடந்ததைப் பற்றி உங்கள் போலீஸ் ரிப்போர்ட்டில் 'டயர் வெடித்து விபத்து' என்று எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். டயர் தானாக வெடிப்பதில்லை. அதனால்தான் நீங்கள் கூப்பிடாமலே வந்திருக்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள், நான் மெதுவாகத்தான் பேசுவேன். பெயர் ரெத்தினதாஸ். வயது அறுபத்தொன்று. மனைவி செல்லபாய் இறந்து ஐந்து வருஷம் ஆகிறது. ஒரே மகள் பிஜி, குவைத்தில் நர்ஸ்.

சிஜுவை எனக்கு இருபத்திரண்டு வருஷமாகத் தெரியும். செங்கல் என்கிற ஊர்க்காரன். முதலில் யாருடைய ஜீப்பையோ ஓட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தான். நான் ஸ்பானரை எடுப்பதற்குள் அவனே ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கிவிட்டான். அப்போதிருந்தே எனக்கு அவனைப் பிடிக்கும். பிறகு சொந்தமாகப் பிக்கப் வாங்கி, படகு ஏற்றுகிற டிரெய்லரும் செய்துகொண்டான். பூவாறில் சுற்றுலாக்காரர்களைக் கழிமுகத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிற ஃபைபர் படகுகள் இருக்கிறதே, அவற்றைப் பெயிண்ட் அடிக்கவும் ஓட்டை அடைக்கவும் கொல்லம் பக்கத்து யார்டுக்குக் கொண்டுபோவது அவன் வேலை. டிரெய்லரை நிறுத்துவது என் கடைக்குப் பக்கத்துக் காலி இடத்தில். அந்த வண்டியின் காற்றை என்னைத் தவிர வேறு யாரும் பார்த்ததில்லை.

எங்களுக்குள் வித்தியாசம் எதுவும் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டு மாமரத்தில் ஏறி நட்சத்திரம் கட்டுவது அவன். மகேஸ்வரம் கோயில் உற்சவத்துக்கு அவன் வீட்டில் எனக்கும் செல்லபாய்க்கும் இலை போடுவார்கள். பிஜி கல்யாணத்தில் பந்தி முடியும் வரை தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்றான். செல்லபாய் அவனைத் தம்பி என்றுதான் சொல்லுவாள். அவன் மனைவி லேகா என்னை அண்ணா என்பாள். சொந்தத் தம்பி இருந்திருந்தால் இவ்வளவு நெருக்கமாக இருந்திருப்பானா என்று நான் நினைத்ததுண்டு. இதையும் எழுதுங்கள். இல்லையென்றால் பிறகு சொல்வது புரியாது.

ஐந்து வருஷத்துக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை, செல்லபாயை நெய்யாற்றின்கரையில் கண் டாக்டரிடம் காட்ட வேண்டியிருந்தது. அன்றைக்குக் கடையில் இரண்டு டிப்பர் லாரி நின்றது. என்னால் அசைய முடியவில்லை. சிஜு சொன்னான், "நான் அந்த வழிக்குத்தான் போறேன் அண்ணா. அக்காவ கொண்டுபோயிட்டு கொண்டுவாறேன்." போனார்கள். திரும்பி வரும்போது அமரவிளை தாண்டி ஒரு சிறு பாலத்தின் கலுங்குச் சுவரில் வண்டி மோதியது. செல்லபாய் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை.

சிஜுவுக்கு நெற்றியில் நான்கு தையல். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"பின் டயர் பொட்டிச்சு அண்ணா. வண்டி என் கையில நின்னில்ல."

அந்தப் பின் டயரை முந்தின நாள்தான் நான் பஞ்சருக்குப் பட்டை வைத்து ஒட்டிக் காற்று அடித்துக் கொடுத்திருந்தேன். அவன் அதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. என்னைப் பார்த்தான், அவ்வளவுதான். எனக்குப் புரிந்தது. போலீஸ்காரர் வந்து கேட்டபோது நானே முன்வந்து சொன்னேன், "நான் ஒட்டின டயராக்கும் சார். பட்டை சரியா பிடிக்காம விட்டிருக்கும்." யோசிக்கக்கூட இல்லை. எழுதிக்கொண்டு போனார். சிஜுவின் லைசென்ஸுக்கு ஒரு கேடும் வரவில்லை.

பத்தாம் நாள் பிரார்த்தனை முடிந்து எல்லோரும் போன பிறகு, சிஜு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "வெசனப்படாதீங்க அண்ணா. கை தப்புறது யாருக்கும் உண்டு" என்றான். அந்த நேரத்தில் அது எனக்குப் பெரிய கருணையாகத் தோன்றியது. என்னை மன்னிக்கிறான் என்று நினைத்தேன். நான் அவன் கையைப் பிடித்து நன்றி சொன்னேன் சார். யோசித்துப் பாருங்கள், நான் அவனுக்கு நன்றி சொன்னேன்.

பிஜி அடக்கத்துக்கு வந்து பதினைந்து நாள் இருந்தாள். போவதற்கு முந்தின நாள் கடைக்கு வந்தாள். சின்ன வயதில் வந்தது. பெரியவளான பிறகு கடைக்குள் வந்ததே இல்லை. கம்ப்ரசரையும் பட்டை ஒட்டுகிற மேசையையும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அம்மா போற வண்டின்னு உங்களுக்குத் தெரியுமில்லா அப்பா?"

"தெரியும் மக்கா."

"ஒரு பத்து நிமிஷம் கூட எடுத்துப் பாத்திருக்கக் கூடாதா?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. போன பிறகு வாரம் ஒருமுறை கூப்பிட்டாள், பிறகு மாதம் ஒருமுறை. பிறகு ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் மட்டும். பேரப்பிள்ளைக்கு என் குரல் தெரியாது. சபையில் யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆனால் டயர் ஒட்டுவதற்கு என்னிடம் வந்துகொண்டிருந்த மூன்று சபைக்காரர்கள் பாறசாலைக்குப் போக ஆரம்பித்தார்கள்.

இந்த ஐந்து வருஷமும் எனக்குச் சோறு போட்டது லேகாதான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நான் வீட்டுக்கு வரும்போது வாசல்படியில் தூக்குப்பாத்திரத்தோடு நிற்பாள். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். "இன்னைக்கு நெத்தோலியாக்கும் கிடைச்சது அண்ணா, முள்ளு பாத்து தின்னணும்" என்பாள். என் சட்டைகளைத் துவைத்துத் தருவாள். பிஜி கூப்பிடவில்லை என்றால் அவளே பிஜிக்குப் போன் செய்து, அப்பாவுக்கு ஒரு வார்த்தை பேசு மோளே என்று கெஞ்சுவாள். நல்லவள். அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். லேகா மேல் எனக்கு எந்தக் கோபமும் எப்போதும் இருந்ததில்லை.

போன நவம்பரில், பூவாறில் ஒரு ரிசார்ட்டின் ஜீப்புக்கு டயர் மாற்றப் போனேன். அங்கே வாட்ச்மேன் வேலாயுதன் எனக்குப் பழக்கம். வேலை முடிந்து, படகுத்துறையில் உட்கார்ந்து அவன் கொடுத்த தேநீரைக் குடித்தேன். படகு வந்து இடித்தால் அடிபடாமல் இருக்க, துறையின் ஓரமெல்லாம் பழைய டயர்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். எங்கே போனாலும் என் கண் டயரில்தான் போகும். மூன்றாவதாகத் தொங்கிய டயரைப் பார்த்தேன். அதன் உள்பக்கத்தில் ஒரு பட்டை. ஆறு மூலை வெட்டின பட்டை.

எல்லோரும் வட்டமாகத்தான் வெட்டுவார்கள். மூலை உரியாது என்று நினைத்து வட்டமாக வெட்டுவது. நான் ஆறு மூலையாக வெட்டி ஓரத்தைச் சாய்வாகச் சீவுவேன். இந்தப் பக்கத்தில் வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை.

"வேலாயுதா, இது யாரு கொண்டுவந்தது?"

"சிஜுவாக்கும். பழைய ஆக்சிடென்ட் வண்டில கெடந்ததுன்னு தந்தான். கொஞ்சம் வருஷம் ஆச்சு."

கயிற்றை அவிழ்த்து மேலே எடுத்துப் பார்த்தேன். உப்புத் தண்ணீரில் ஐந்து வருஷம் கிடந்திருக்கிறது. பட்டை அப்படியே ஒட்டியிருந்தது. நகத்தால் கிளப்பிப் பார்த்தேன், வரவில்லை. வெடிப்பு அதற்கு எதிர்ப்பக்கத்தில் இருந்தது. டயரின் பக்கவாட்டில் நேருக்கு நேராக இரண்டு வெட்டு. காற்று நிறைந்த டயர் ஒரு கல்லில் பலமாக மோதி, இரும்பு வளையத்துக்கும் கல்லுக்கும் நடுவில் ரப்பர் நசுங்கினால் மட்டும்தான் அப்படி வெட்டு விழும். சூட்டில் வெடித்த டயர் அப்படி இருக்காது, நார் நாராகப் பிய்ந்திருக்கும். முப்பத்து நான்கு வருஷத்தில் இரண்டையும் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன்.

அதாவது டயர் வெடித்ததால் வண்டி மோதவில்லை. வண்டி மோதியதால் டயர் வெடித்தது. மோதுகிற நிமிஷம் வரைக்கும் அதில் நான் அடித்த காற்று முழுசாக இருந்தது.

வேலாயுதனுக்கு வேறு ஒரு டயர் கொடுத்துவிட்டு இதை எடுத்துக்கொண்டு வந்தேன். வெளியே ஆட்டோவில் இருக்கிறது. நீங்கள் பார்க்க வேண்டும்.

அடுத்த நாள் சிஜுவிடம் சும்மா பேச்சுவாக்கில் கேட்டேன், "எலே, அந்த டயர நீ என்ன செய்த?"

அவன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "அத அப்பவே ஆக்கர் கடைல பழைய சாமானோட எடைக்குப் போட்டாச்சே அண்ணா. அத வச்சு என்ன செய்ய" என்றான். பிறகு என் தோளைத் தட்டினான். "இன்னும் அதையே நெனச்சிட்டிருக்காதீங்க."

அன்றைக்குத்தான் எனக்கு எல்லாம் முடிந்தது. செல்லபாய் போனபோது முடியவில்லை. ஒருவனுக்குத் தூக்கம் வந்திருக்கலாம், கண் வேறு எங்காவது போயிருக்கலாம். மனிதன்தானே. என்னிடம் வந்து சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன். ஆனால் என் மனைவியைக் கொன்றது என் கைதான் என்று ஐந்து வருஷம் என்னை நினைக்க வைத்துவிட்டு, என் பக்கத்திலேயே உட்கார்ந்து, என் தோளைத் தட்டி, மறந்துவிடு என்று சொன்னான். அவன் வீட்டு மீன்கறியைச் சாப்பிட்டுக்கொண்டு நான் அவனுக்கு நன்றி சொன்னேன். என் மகள் என்னிடம் பேசவில்லை. அதையும் அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

எனக்குக் கோபம் வரவில்லை சார். கோபம் வந்திருந்தால் அன்றைக்கே ஏதாவது செய்திருப்பேன். எனக்கு வந்தது ஒரு கணக்குத் தெளிவு. அவனுக்கு என்ன நடக்க வேண்டும் என்று நிதானமாக யோசித்தேன். அவன் சாகக் கூடாது. செத்தவனுக்கு ஒன்றும் தெரியாது. நான் எப்படி உயிரோடு இருந்தேனோ அப்படி அவனும் இருக்க வேண்டும். தன் கையைப் பார்த்துக்கொண்டு.

டிசம்பரில் அவன் ஒரு படகு கொண்டுபோனான். ஜனவரியில் ஒன்று. பிப்ரவரியில் இரண்டு. நான்கு தடவையும் நான்தான் காற்று பார்த்தேன். நான்கு தடவையும் அறுபத்தைந்து. ஒரு பவுண்டு கூடவுமில்லை, குறையவுமில்லை. ஜனவரியில் டிரெய்லர் டயர் ஒன்றில் ஆணி ஏறியிருந்ததை நானே பார்த்து, பிடுங்கி, ஒட்டிக் கொடுத்தேன். அவன் பத்திரமாகப் போய் வந்தான். அப்போதெல்லாம் அவன் தனியாகத்தான் போனான்.

மார்ச்சில், கொல்லத்துக்குப் பக்கத்தில் குண்டறை என்கிற ஊரில், லேகாவின் அக்காவுக்கு ஒரு ஆபரேஷன் இருந்தது. லேகா ரயிலில் போவதாகச் சொன்னாள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

"இந்த வெயில்ல ரயில் ஏறி இறங்கி எதுக்கு? வண்டி அந்த வழிக்குத்தானே போவுது" என்றேன்.

சிஜு தயங்கினான். "டிரெய்லர் மாட்டினா வண்டி ஆடும் அண்ணா. அவளுக்குப் பயம், பேடியாக்கும்."

"காத்து சரியா இருந்தா ஆடாது."

லேகா சிரித்தாள். "அண்ணன் பாத்து விட்டா எனக்குப் பேடி இல்ல" என்றாள்.

மீட்டர் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கடையில் இரண்டு மீட்டர் உண்டு, பார்க்க ஒரே மாதிரி. ஒன்று போன வருஷம் லாரிச் சக்கரத்தின் அடியில் விழுந்து கெட்டுவிட்டது. உண்மையில் இருப்பதைவிட இருபத்தைந்து பவுண்டு கூட்டிக் காட்டும். தூக்கிப் போட்டிருக்க வேண்டியது. இழுப்பறையில் வைத்திருந்தேன்.

அன்று காலை எட்டு மணிக்கு வந்தார்கள். முந்தின நாள் மாலையே பூவாறிலிருந்து படகை ஏற்றி டிரெய்லரைக் கழற்றாமல் பிக்கப்போடு என் கடைப் பக்கத்தில் நிறுத்தியிருந்தான். பெரிய படகு, பதினாறு பேர் உட்காருவது. அந்தி வேளையில் இடது பக்க டயர்களில், டிரெய்லருடையதிலும் பிக்கப்பின் பின் டயரிலும், காற்றை முப்பத்தைந்துக்கு இறக்கி வைத்திருந்தேன். நம் ஊர் வண்டியில் டிரைவர் வலது பக்கம். இடது பக்கம் யார் உட்காருவார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

"எனக்குத் தோளு வலிக்கு மக்கா. இன்னைக்கு நீயே அடி, நான் மீட்டர் தாறேன்" என்றேன்.

அவன் சந்தோஷமாக ஹோஸை எடுத்தான். வலது பக்கத்துக்கு நல்ல மீட்டரைக் கொடுத்தேன். வண்டியைச் சுற்றி இடது பக்கம் வந்தபோது மற்றதைக் கொடுத்தேன். அவன் அடித்தான், வைத்துப் பார்த்தான், என்னிடம் காட்டினான். "அறுபத்தஞ்சு, போதுமா?" போதும் என்றேன். உள்ளே நாற்பது இருந்தது. அன்று காலையில் நான் எந்த வால்வையும் தொடவில்லை.

எழுந்து நின்று டிரெய்லரின் இடது டயரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். டிரைவர் அல்லவா, கண்ணுக்குத் தெரியும்.

"இது கொஞ்சம் அமுங்கின மாதிரி உண்டே அண்ணா?"

"ரேடியலாக்கும். லோடு ஏறினா அப்படித்தான் நிக்கும். மீட்டர்ல நீ பாத்தல்லா?"

"பாத்தேன்."

"பின்ன என்ன."

அவன் தலையாட்டினான். இருபத்திரண்டு வருஷத்தில் டயர் விஷயத்தில் என்னை அவன் இரண்டாவது கேள்வி கேட்டதில்லை. லேகா வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டு, மறுபடி இறங்கி வந்தாள். கையில் தூக்குப்பாத்திரம்.

"ஞாயித்துக்கிழமை நான் காணமாட்டேன். இது இன்னைக்கு வச்சதாக்கும். சூடாக்கித் தின்னுங்க அண்ணா."

வாங்கிக்கொண்டேன். அவள் ஏறிய பிறகு கதவு சரியாக அடைபட்டதா என்று நானே தள்ளிப் பார்த்தேன்.

காரோடு என்கிற ஊரில் பைபாஸ் ஏறி, கோவளம் தாண்டிக் கொஞ்ச தூரம் வரை போயிருக்கிறார்கள். முதலில் டிரெய்லரின் இடது டயர். டிரெய்லர் அலைந்து பிக்கப்பைத் திருப்பியிருக்கிறது, பாரம் ஏறியவுடன் அடுத்த டயரும் போயிருக்கிறது. வண்டி இடது பக்கமாகச் சரிந்து தடுப்புச் சுவரில் உரசிக்கொண்டு போய் நின்றது. பின்னால் வந்த பஸ் சமயத்தில் பிரேக் பிடித்துவிட்டது. வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. அதை நான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். எனக்குத் தகவல் வந்தபோது மத்தியானம் சாப்பிட்டு முடித்துத் தூக்குப்பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். அயிலை மீன்கறி. நன்றாக இருந்தது.

லேகாவை அவர்கள் வீட்டு வளாகத்தில்தான் தகனம் செய்தார்கள். சிஜுவுக்குத் தோள் எலும்பும் மூன்று விலாவும் முறிந்திருந்தது. ஆம்புலன்ஸில் கொண்டுவந்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"காத்து நானாக்கும் அடிச்சேன் அண்ணா. மீட்டர் பாத்தேன். அறுபத்தஞ்சு இருந்தது. நான் பாத்தேன்."

"கண்ணு தப்பியிருக்கும்" என்றேன். "வெசனப்படாத மக்கா. கை தப்புறது யாருக்கும் உண்டு."

அவன் என் முகத்தைப் பார்த்தான். அந்த வார்த்தை அவனுக்கு நினைவு வந்ததா என்று தெரியவில்லை. என் நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வந்தது. ஐந்து வருஷத்துக்குப் பிறகு விடியும் வரை தூங்கினேன்.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். நான் இங்கே வந்திருக்கவே மாட்டேன். ஆனால் லேகாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில் சிஜு கடைக்கு வந்தான். கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டிருந்தான். இறக்கிப் போட்டிருந்த லாரி டயர் மேல் உட்கார்ந்தான். போலீஸ்காரர் கடையைப் பற்றிக் கேட்டதாகவும், கடைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, காற்று அடித்தது தானேதான் என்று எழுதிக் கொடுத்ததாகவும் சொன்னான். "உங்க பேரு இனியொரு தடவ இதுல வரக்கூடாது" என்றான்.

நான் ஹோஸைச் சுற்றி ஆணியில் மாட்டினேன்.

"எனக்கு இது கிடைச்சது நியாயந்தான் அண்ணா. உங்ககிட்ட ஒண்ணு பறையணும். அன்னைக்கு டயர் பொட்டல."

"தெரியும்" என்றேன்.

அவன் அதிர்ச்சியடையவில்லை. நான் சொன்னது அவன் காதில் விழுந்ததா என்பதே சந்தேகம். தரையைப் பார்த்தபடி பேசினான்.

"போன் அடிச்சு. முன்னால கண்ணாடிக்குக் கீழ வச்சிருந்தேன். ரெண்டு தடவ அடிச்சு, நான் எடுக்கல்ல. அக்காவுக்குக் கண்ணுல மருந்து விட்டிருந்ததுனால ஒண்ணும் தெரியல்ல. மூணாவது அடிச்சப்ப அக்கா சொன்னா, எடு தம்பி, இல்லெங்கில் அவரு சாடுவாருன்னு. கை நீட்டினேன், போன் கீழ விழுந்து. குனிஞ்சேன்."

"யாரு போன்?"

"அத விடுங்க."

"சொல்லுலே."

"உங்க போனாக்கும்."

கடையில் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்ற பிறகு அவன் மறுபடி பேசினான்.

"டயருன்னு என் வாயில வந்துட்டு. எனக்கும் பயந்தான், இல்லேங்கல. பொறகு சொல்லிரலாம்னு நெனச்சேன். ஆனா டயருன்னா கை தப்பினதுன்னு போவும். போனுன்னு தெரிஞ்சா நீங்க தாங்கமாட்டீங்கன்னு லேகாவாக்கும் சொன்னா. அவரு உயிரோட இருக்கட்டும், பறையாதீங்கன்னா. அந்த டயரக்கூட உங்க கண்ணுல படாம பூவாறுல கொண்டு கட்டினேன்."

லேகாவுக்கும் தெரிந்திருந்தது. ஐந்து வருஷமும் தூக்குப்பாத்திரத்தோடு என் வாசலில் வந்து நின்றபோதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். எனக்கு அது இரண்டாவது துரோகமாகத்தான் படுகிறது.

இன்றோ நாளையோ சிஜு உங்களிடம் வந்து இதையெல்லாம் சொல்லக்கூடும். அதற்கு முன்னால் வந்துவிட வேண்டும் என்றுதான் வந்தேன். லேகாவைப் பொறுத்தவரை நான் முழுப் பொறுப்பு. மீட்டரை மாற்றியது நான், காற்றை இறக்கியது நான், வண்டியில் ஏறச் சொன்னது நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான். ஆட்டோவில் இருக்கிற டயரை நீங்கள் பரிசோதித்து, பட்டை உரியவில்லை, செல்லபாய் இறந்தது ரெத்தினதாஸின் கைப்பிழையால் அல்ல என்று எழுதித் தர வேண்டும். அதன் நகல் ஒன்றைக் குவைத்துக்கு, பிஜிக்கு அனுப்ப வேண்டும். விலாசம் கொண்டுவந்திருக்கிறேன்.

அந்தப் போன் விஷயத்தை அதில் எழுத வேண்டாம். பெண்டாட்டியை இழந்தவன் என்னென்னவோ சொல்லுவான். ஒரு மனிதன் மத்தியானம் பசிக்கு வீட்டுக்கு வந்து, சாவி மனைவியின் பையில் இருக்கிறது என்றால், எங்கே வந்துகொண்டிருக்கிறாய் என்று கேட்கமாட்டானா. அதில் என்ன இருக்கிறது.

அதோடு அவன் சொல்கிற கணக்கும் சரியில்லை சார். மூன்று தடவை போன் அடித்து, எடுப்பதற்குள் எல்லாம் முடிந்த மாதிரிச் சொல்கிறான். இரண்டு தடவைதான் மணி அடித்து ஓய்ந்தது. மூன்றாவது தடவை லைன் கிடைத்தது. சாவி எங்கே என்று நான் கேட்டேன். "இதா வாறோம்" என்று செல்லபாய் தூரத்திலிருந்து சொன்னாள். பிறகு ஒரு பெரிய சத்தம். சிக்னல் போய்விட்டது என்று நினைத்து நான் போனை வைத்துவிட்டேன்.